ரௌட்டர் ஏன் மக்கர் செய்கிறது? கடற்கரை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

வாடைக்காற்று தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கேள்விகளும் கூடிவிடும். தொண்டி முதல் சாயல்குடி வரை, சின்ன ரௌட்டரில் லினக்ஸ் ஏற்றி ஃபயர்வாலாக (வருவதையும் போவதையும் விதிப்படி விடுகிற, தடுக்கிற காவலாக) வைத்திருப்பவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். பெரும்பாலும் ரௌட்டருக்கென்றே உள்ள லினக்ஸான ஓப்பன்டபிள்யூஆர்டி. சிலர் மினி பிசியில் டெபியன் போட்டு விதிகளைக் கையாலேயே எழுதுகிறார்கள். ஏதாவது நின்றுபோனால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது ஃபயர்வாலைத்தான். அதை அணைத்துப் பார்ப்பதற்கு முன்னால் கம்பியைப் பாருங்கள், பிறகு ஐபி முகவரியைப் பாருங்கள், விதியைக் கடைசியில் பார்க்கலாம். கீழே உள்ள பதில்களில் நான் போன வழியும் அதுதான்.

ராமேஸ்வரம் கோயில் பக்கத்தில் சின்ன லாட்ஜ் நடத்துகிறேன். யாத்ரீகர்களுக்குத் தனி வைஃபை போட்டேன். போன் சேர்கிறது, ஐபி வரவில்லை. தெரிந்த பையன் ஒருவன் கெஸ்ட் ஸோனில் இன்புட்டை அக்செப்ட் என்று மாற்றினான். உடனே வந்துவிட்டது. அப்படியே விடலாமா சார்?

விடாதீர்கள். இன்றைக்கே பழையபடி ரிஜெக்ட் ஆக்குங்கள்.

இன்புட் என்றால் ரௌட்டரிடமே வந்து பேசுவது. ஃபார்வர்ட் என்றால் ரௌட்டர் வழியாக வேறு இடத்துக்குப் போவது. லாட்ஜ் கணக்கில் சொன்னால், ரிசப்ஷன் மேஜைக்கு வந்து சாவி கேட்பது இன்புட், வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போவது ஃபார்வர்ட். ஐபி முகவரி கொடுப்பதும், தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைத் தேடித் தருவதும் ரௌட்டரே உட்கார்ந்து செய்கிற வேலை. இன்புட்டை மொத்தமாக மறுத்ததால் சாவி கேட்க வந்தவரையே திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அந்தப் பையன் அக்செப்ட் போட்டதும் சாவி கிடைத்தது, ஆனால் கல்லாப்பெட்டியும் சேர்ந்து திறந்துகொண்டது. ரௌட்டரின் லாகின் பக்கமும் கட்டளை கொடுக்க உள்ளே நுழையும் எஸ்எஸ்எச் வாசலும் இப்போது உங்கள் விருந்தினர் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

இன்புட் ரிஜெக்டாகவே இருக்கட்டும். டிராஃபிக் ரூல்ஸில் இரண்டு விதி மட்டும் சேருங்கள். கெஸ்ட்டிலிருந்து ரௌட்டருக்கு வரும் யூடிபி போர்ட் (வாசல் எண்) 67, ஐபி முகவரிக்காக. டிசிபி, யூடிபி இரண்டிலும் 53 பெயர் தேடுவதற்காக. ஃபார்வர்டிங்கில் கெஸ்ட்டிலிருந்து வேனுக்கு (வெளி இணையம்) மட்டும் வழி விடுங்கள், லேனுக்கு (உங்கள் சொந்த நெட்வொர்க்) வேண்டாம். வைஃபை அமைப்பில் 'ஐசோலேட் கிளையன்ட்ஸ்' என்பதையும் டிக் செய்துவிடுங்கள், ஒரு ரூம்காரரின் போன் இன்னொருவர் லேப்டாப்பைத் தொடாது.

உங்கள் ஊருக்கென்றே இன்னொரு விஷயம் இருக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி வழக்கமாக 100 முதல் 249 வரை 150 முகவரிகளைத்தான் பகிர்ந்து கொடுக்கும். கொடுத்த முகவரியை 12 மணி நேரம் அந்த போனுக்கே ஒதுக்கி வைக்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் விடியற்காலையில் வந்து தீர்த்தமாடிவிட்டு மதியமே காலி செய்கிறவர்கள் எத்தனை பேர்! அவர்கள் போன பின்னும் முகவரிகள் அவர்கள் பெயரிலேயே இருக்கும். மாலையில் வருகிறவருக்கு ஒன்றும் மிஞ்சாது. "நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று ஃபயர்வால் தடுக்கிறது" என்று அப்போதும் ஒருவர் சொல்வார். கெஸ்ட் இன்டர்ஃபேஸின் லீஸ் நேரத்தை (முகவரியை ஒதுக்கி வைக்கும் நேரம்) 1 மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள்.

புது ரௌட்டரை ஃபைபர் மோடத்தோடு இணைத்தேன். இரண்டிலும் லைட் எரிகிறது, நெட் வரவில்லை. (தேவிபட்டினம்)

இரண்டும் 192.168.1.1 என்றே பெயர் வைத்துக்கொண்டிருக்கும். ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு மாதிரி. மோடத்தின் கேபிளைக் கழற்றிவிட்டு, உங்கள் ரௌட்டரின் லேன் முகவரியை 192.168.10.1 என்று மாற்றுங்கள், பிறகு கேபிளைச் செருகுங்கள். அவ்வளவுதான்.

தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று விற்கிறோம். ஆன்லைன் ஆர்டருக்காக 300 எம்பிபிஎஸ் கனெக்‌ஷன் எடுத்தோம். மூன்று மாதம் நன்றாக வந்தது. இப்போது 94-க்கு மேல் போவதே இல்லை. ஃபயர்வாலில் ஏதும் வேகக் கட்டுப்பாடு இருக்குமா அண்ணே?

94 என்று நீங்கள் சொன்னதுமே பாதி விடை கிடைத்துவிட்டது. 100 எம்பிபிஎஸ் ஈத்தர்நெட் இணைப்பில் முகவரி முதலான தலைப்புத் தகவலின் சுமை போக மிஞ்சுவது ஏறக்குறைய அதுதான். எங்கோ ஒரு கேபிள் ஜிகாபிட்டிலிருந்து (1000 எம்பிபிஎஸ்) 100-க்கு இறங்கியிருக்கிறது.

ஈத்தர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மீதி நான்கில் ஒன்று தொடர்பு விட்டாலும் ரௌட்டர் கீழே இறங்கி ஓடும். எல்லாப் பெட்டியும் இப்படி இறங்கி வராது. சில பெட்டிகள் ஜிகாபிட்டையே பிடித்துக்கொண்டு நிற்கும், பதிவேட்டில் லிங்க் அப், லிங்க் டவுன் என்று வரிசையாக விழும்.

கேபிளைக் கழற்றி ஜாக்கை வெயிலில் பிடித்துப் பாருங்கள். பொன் நிறத்தில் இருக்க வேண்டிய எட்டுப் பட்டைகளில் ஓரிரண்டு மங்கி, அடியில் கம்பி நுழையும் இடத்தில் பச்சையாகப் பொடி படிந்திருக்கும். பூஜை அறைச் செம்பில் ஏறுகிற அதே களிம்புதான். உப்பு படிந்த இடம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், செம்பு அரிக்கும். தங்கச்சிமடம், பாம்பன் போலக் கடலுக்கு நடுவில் இருக்கிற ஊர்களில் ஜன்னலோரம் வைத்த ரௌட்டருக்கு இது சீக்கிரமே வரும். பட்டையைத் துடைத்தால் சில நாள் ஓடும், ஆனால் களிம்பு கம்பிக்குள் போயிருந்தால் ஜாக்கை வெட்டி எறிந்துவிட்டு, கேபிளில் ஒரு சாண் உள்ளே தள்ளி, செம்பு பளபளக்கிற இடத்தில் புது ஜாக் கிரிம்ப் செய்வதே சரி. ரௌட்டரின் துளைக்குள் இருக்கும் முட்களை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷால் கரண்ட் இல்லாதபோது துடையுங்கள். அடாப்டர் பின்னையும் பாருங்கள், அங்கே களிம்பு ஏறினால் வோல்டேஜ் இறங்கி ரௌட்டர் தானாக அணைந்து எழும்.

கேபிள் புதிதாக வாங்கினால் முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைவாகக் கிடைப்பது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். நம் கரையில் அதைப் போடவே கூடாது என்பது என் முடிவான கருத்து.

மண்டபத்தில் மீன் கம்பெனி. தூத்துக்குடி அலுவலகத்தோடு வயர்கார்டு (இணையத்துக்குள் இரண்டு இடங்களை இணைக்கும் ரகசியச் சுரங்கம்) போட்டிருக்கிறோம். கரண்ட் போய் வந்தால் மோடத்தில் இன்டர்நெட் லைட் எரிகிறது, வயர்கார்டு வருவதில்லை. தூத்துக்குடியில் இருப்பவரிடம் சொல்லி அங்கே வயர்கார்டை நிறுத்திப் போடச் சொன்னால் வந்துவிடுகிறது. நம் பக்கம் எத்தனை தடவை ரீஸ்டார்ட் செய்தாலும் பயன் இல்லை.

இந்தக் கேள்வியைப் படித்ததும் உங்களைப் பாராட்டத் தோன்றியது. எதைச் செய்தால் வருகிறது, எதைச் செய்தால் வரவில்லை என்று இரண்டையும் எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் ரௌட்டரில் கடிகாரத்துக்கு பேட்டரி இல்லை. கரண்ட் போனால் நேரம் மறந்துபோகும். ஓப்பன்டபிள்யூஆர்டி எழுந்திருக்கும்போது, அமைப்புக் கோப்புகளில் கடைசியாகத் திருத்தியது எது என்று பார்த்து, அந்தத் தேதியையே இன்றைய தேதியாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் சித்திரையில் அமைப்பைத் தொட்டிருந்தால் ரௌட்டருக்கு இன்னும் சித்திரைதான்.

வயர்கார்டு ஒவ்வொரு முறை கைகுலுக்கும்போதும் நேரத்தைச் சேர்த்து அனுப்பும். முன்பு வந்ததை விடப் பின்னால் போன நேரம் வந்தால், யாரோ பழைய தரவுப் பொட்டலத்தைப் பிடித்துத் திரும்ப அனுப்புகிறார் என்று எண்ணி மறுமுனை பேசாமல் தள்ளிவிடும். பிழைச் செய்தியும் வராது. தூத்துக்குடிப் பக்கம் நிறுத்திப் போட்டால் அதன் நினைவிலிருந்த கடைசி நேரம் அழிந்துபோகிறது, அதனால் உங்களை ஏற்றுக்கொள்கிறது. வயர்கார்டு சரியாகத்தான் வேலை செய்கிறது, நேரம்தான் தப்பு.

அப்படியானால் இன்டர்நெட் வந்ததும் என்டிபி (இணையத்திலிருந்து நேரம் வாங்கும் முறை) மூலம் நேரம் சரியாகியிருக்க வேண்டுமே, ஏன் ஆகவில்லை? இரண்டு இடத்தில் பாருங்கள். வயர்கார்டின் அலவ்டு ஐபிஸில் (சுரங்கத்துக்குள் போக வேண்டிய முகவரிகளின் பட்டியல்) எல்லா முகவரியையும் குறிக்கும் 0.0.0.0/0 என்று போட்டு, 'ரூட் அலவ்டு ஐபிஸ்' என்பதையும் டிக் செய்திருந்தால் எல்லாப் போக்குவரத்தும் சுரங்கத்துக்குள் போகும், நேரம் கேட்கும் பொட்டலமும் சேர்த்து. சுரங்கம் திறக்க நேரம் வேண்டும், நேரம் வாங்கச் சுரங்கம் திறக்க வேண்டும். தூத்துக்குடி அலுவலகத்தின் முகவரி வரம்பை மட்டும் அங்கே எழுதுங்கள். இரண்டாவது, பெயர் தேடலை எச்டிடிபிஎஸ் வழி டிஎன்எஸ்ஸுக்கு மாற்றியிருந்தால் சான்றிதழைச் சரிபார்க்கவும் சரியான தேதி வேண்டும், அங்கேயும் இதே முட்டுக்கட்டை. என்டிபி சர்வர்களில் ஒன்றையாவது பெயராக இல்லாமல் ஐபி எண்ணாகக் கொடுங்கள்.

மினி பிசி வைத்திருப்பவர்கள் உள்ளே இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது செத்தாலும் இதே கதைதான்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், ஊர் தொண்டி. வீட்டில் வாப்பாவும் உம்மாவும் மட்டும்தான். வாசல் கேமராவை இங்கிருந்து பார்க்க டிவிஆருக்கு (கேமராப் பதிவுப் பெட்டி) போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை அந்தப் பெட்டிக்கு அனுப்பும் விதி) போட்டேன். எதுவும் வரவில்லை. விதி சரியாகத்தான் இருக்கிறது.

விதி சரியாகவே இருக்கும். ரௌட்டரில் வேன் முகவரி என்னவென்று பாருங்கள். 100.64-லிருந்து 100.127 வரை தொடங்கும் எண்ணாக இருந்தால், அது இணைய நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்குள் பகிர்ந்துகொள்ள 2012-இல் ஒதுக்கப்பட்ட வரம்பு, சிஜிநாட் என்பார்கள். வெளியிலிருந்து வருகிறவருக்கு உங்கள் வீட்டுக் கதவு தெரியவே தெரியாது. நீங்கள் திறந்தது வீட்டுக் கதவை, பூட்டியிருப்பது தெரு முனையின் கேட்.

போர்ட் திறக்காமல் போனது நல்லதாகவே போயிற்று. டிவிஆரை நேராக இணையத்தில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், கம்பெனி கொடுத்த கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் தேடித்தேடிப் பிடித்து, அவற்றை வைத்தே பெரிய தளங்களை முடக்கியது. பெற்றோருக்காக வைத்த கேமரா அன்னியர் கைக்குப் போகக்கூடாது.

பொது ஐபி உள்ள ஒரு சின்ன விபிஎஸ் (இணையத்தில் எப்போதும் ஓடும் சர்வர்) வாடகைக்கு எடுங்கள். அதில் வயர்கார்டு போட்டு, வீட்டு ரௌட்டரும் உங்கள் போனும் இரண்டுமே அதை நோக்கி வெளியே போகும்படி செய்யுங்கள். வீட்டுப் பக்கம் பெர்சிஸ்டென்ட் கீப்பலைவ் 25 விநாடி என்று வைத்தால் பாதை மூடிக்கொள்ளாது. மாதாமாதம் விபிஎஸ் வாடகை கட்டத் தயங்கினால், உங்கள் நிறுவனம் நிலையான பொது ஐபி தருமா என்று கேளுங்கள். அப்போதும் டிவிஆரைத் திறக்காமல் வயர்கார்டின் யூடிபி போர்ட்டை மட்டும் திறங்கள்.

ஏர்வாடியில் இ-சேவை மையம். டெபியன் மினி பிசியில் நானே என்எஃப்டேபிள்ஸ் (லினக்ஸின் ஃபயர்வால்) விதி எழுதினேன். சில தளங்கள் பாதியில் நிற்கின்றன. அதே தளம் செல்போன் நெட்டில் திறக்கிறது.

உங்கள் கனெக்‌ஷன் பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) ஆக இருக்கும். அதற்குத் தனியாக 8 பைட் உறை வேண்டும், 1500 பைட் பொட்டலத்தில் 1492 தான் மிஞ்சும். சின்னப் பொட்டலங்கள் போய்விடும், பெரியவை வழியில் விழும். ஓப்பன்டபிள்யூஆர்டியில் வேன் ஸோனில் எம்எஸ்எஸ் கிளாம்பிங் (ஒரு பொட்டலத்தில் ஏற்றும் தரவின் அளவைக் குறைப்பது) தானாகவே போட்டிருக்கும், கையால் எழுதுகிறவர்கள் மறப்பது இதைத்தான். ஃபார்வர்ட் சங்கிலியில் டிசிபி சின் (இணைப்பைத் தொடங்கும்) பொட்டலங்களின் எம்எஸ்எஸ்ஸைப் பாதையின் அளவுக்குக் குறைக்கும் ஒரு வரி சேருங்கள். எண்ணாகவே கொடுப்பதென்றால் ஐபிவி4-க்கு 1452.

பாதுகாப்புக்காக ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். "பொட்டலம் பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கு" என்று வழியில் உள்ள ரௌட்டர்கள் சொல்வது அந்த வழியில்தான். ஐபிவி6-இல் அது இல்லாமல் ஒன்றும் ஓடாது.

தனுஷ்கோடி போகிற வழியில் கடை. 4ஜி டாங்கிள் ரௌட்டரில் போட்டிருக்கிறேன். திடீர் திடீரென்று சிக்னல் முழுதாகக் காட்டுகிறது, நெட் மட்டும் இல்லை.

டாங்கிள் இலங்கை டவரைப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே போனவர்களின் போனிலேயே அந்தப் பக்கத்துச் சிக்னல் வருவது உங்களுக்குத் தெரியும். மோடம் நிலைப் பக்கத்தில் நெட்வொர்க் எண் 404 அல்லது 405 என்று தொடங்கினால் இந்தியா, 413 என்றால் இலங்கை. டேட்டா ரோமிங்கை முதலில் அணையுங்கள், இல்லையென்றால் பில் எகிறிவிடும். பிறகு ஆட்டோமேட்டிக் தேர்வை விட்டுவிட்டு உங்கள் நிறுவனத்தின் எண்ணையே நிலையாகக் கொடுங்கள்.

ஒரு விதியைத் தப்பாகப் போட்டு ரௌட்டருக்குள் நானே போக முடியாமல் ஆகிவிட்டது. (சாயல்குடி)

ரௌட்டரை அணைத்துப் போடுங்கள். எழும்போது விளக்கு வேகமாக மின்னும் நேரத்தில் ரீசெட் பட்டனை அழுத்தினால் ஃபெயில்சேஃப் (உங்கள் அமைப்புகளை ஏற்றாமல் எழும்) நிலைக்குப் போகும். கணினிக்கு 192.168.1.2 என்று கையால் முகவரி கொடுத்து, 192.168.1.1-க்கு எஸ்எஸ்எச் மூலம் நுழையுங்கள். தப்பான வரியை மட்டும் எடுத்தால் போதும், எல்லாவற்றையும் அழிக்கத் தேவையில்லை.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ராமநாதபுரத்திலிருந்து தொலைவழியில் ஒரு விதியை மாற்றிவிட்டு, அதைத் திருத்த ராமேஸ்வரம் வரை பஸ்ஸில் போய் வந்தேன், அன்றைய பகல் முழுதும் போயிற்று. லூசி பக்கத்தில் (பிரவுசரில் திறக்கும் ரௌட்டரின் அமைப்புப் பக்கம்) மாற்றினால், உங்களோடு தொடர்பு அறுந்ததும் அதுவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். கோப்பைக் கையால் திருத்தினால் அந்த வசதி கிடையாது. அதனால் இப்போதெல்லாம் ஃபயர்வால் கோப்பை நகல் எடுத்து வைத்து, ஐந்து நிமிடத்தில் நகலைத் திரும்பப் போட்டு ரீஸ்டார்ட் செய்யும்படி பின்னணியில் ஒரு கட்டளையை ஓடவிட்ட பிறகே புது விதியைப் போடுகிறேன். உள்ளே போக முடிந்தால் அந்தக் கட்டளையை நிறுத்திவிடுவேன். முடியாவிட்டால் ஐந்து நிமிடம் காத்திருப்பேன்.