மதமும் அறிவியலும் எப்பவுமே சண்டைதானா? ரொனால்ட் நம்பர்ஸ் ஆராய்ச்சி என்ன சொல்லுது?

இல்லைங்க. "ஆதியில இருந்தே சண்டை"ங்கிற கதை டிரேப்பர் 1874லயும் வைட் 1896லயும் எழுதின புத்தகங்களால பெருசா பரவினது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல இருந்த வரலாற்றாசிரியர் ரொனால்ட் நம்பர்ஸ் அதை ஒவ்வொண்ணா சரிபார்த்தார், உதாரணமா 1633ல சர்ச் நடத்தின விசாரணைக்கப்புறம் கலிலியோ இருந்தது வீட்டுக்காவல்ல, பாதாளச் சிறையில இல்ல.

ஆனா அவரோட பெரிய வேலை அமெரிக்காவுல படைப்புவாதம் (பரிணாமம் இல்ல, கடவுள்தான் நேரடியா படைச்சார்ங்கிற கொள்கை) வளர்ந்த கதைதான். பூமிக்கு ஏதோ ஆறாயிரம் வருஷம்தான் வயசு, பாறை அடுக்கெல்லாம் நோவா காலத்து வெள்ளத்துல வந்ததுன்னு சொல்றாங்கல்ல, அதை ரொம்பப் பழைய கிறிஸ்தவ நம்பிக்கை அப்படியே தொடர்ந்து வருதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா நம்பர்ஸ் பழைய பேப்பரையெல்லாம் தோண்டிப் பார்த்தப்போ 19ஆம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள டார்வினை எதிர்த்த படிச்ச கிறிஸ்தவங்கள்லயே நிறைய பேர் பூமி ரொம்பப் பழசுன்னு ஏத்துக்கிட்டிருந்தாங்க. 1925ல பள்ளியில பரிணாமம் சொல்லிக்கொடுத்ததா ஸ்கோப்ஸ்ங்கிற ஆசிரியர் மேல அமெரிக்காவுல நடந்த வழக்குல பரிணாமத்துக்கு எதிரா நின்ன அரசியல்வாதி பிரையனே, படைப்போட ஆறு "நாள்" நீண்ட காலமா இருக்கலாம்னு கோர்ட்ல ஒத்துக்கிட்டார்! வெள்ளக் கதையை புவியியலா மாத்தி, தொடர்ந்து எழுதிக்கிட்டே இருந்தவர் ஜார்ஜ் மெக்கிரெடி பிரைஸ், அட்வென்டிஸ்ட்ங்கிற கிறிஸ்தவ சபைக்காரர். அது மத்த சபைகளுக்குள்ள பெருசா போனது 1961க்கு அப்புறம்தான்.

நம்பர்ஸும் அதே சபையில வளர்ந்து நம்பிக்கையை விட்டவர், ஆனாலும் படைப்புவாதிகளை மட்டம் தட்டாம எழுதினார், அதனாலயே அவங்கள்லயும் சிலர் அவரை நியாயமானவர்னு மதிச்சாங்க, எனக்கு அவர்கிட்ட ரொம்ப பிடிச்சதும் அதுதான்.