மருந்து மேசை: பம்ப்ல இன்னும் புஸ்ஸுனு வருது, மருந்து இருக்கா?

கே: என் மாமனாருக்கு வீசிங். டாக்டர் எழுதிக் கொடுத்த பம்ப் (இன்ஹேலர்) காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு அடிக்கிறாரு. ஆடி ஒண்ணாந்தேதி பிரிச்சது, ஆவணி முடியப் போகுது, இன்னும் புஸ்ஸுனு நல்லா வருது. டப்பாவுல 200 டோஸ்னு போட்டிருக்கு. மெடிக்கல்ல கேட்டா தண்ணியில போட்டுப் பாருங்க, மிதந்தா காலின்றாங்க. மாமனாரோ வர்ற வரைக்கும் அடிப்போம், காசு என்ன மரத்துலயா காய்க்குதுன்றாரு. யார் சொல்றது சரி? (வாசகி, கரூர்)

ப: ரெண்டு பேர் சொல்றதும் சரியில்லம்மா. ஒரு நாளைக்கு நாலுன்னா 50 நாள்ல 200 முடிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் பத்து நாளா அவர் அடிச்சுக்கிட்டு இருக்கிறதுல மருந்து எவ்வளவு வருதுன்னு, அதைத் தயாரிச்ச கம்பெனிக்காரனாலயே சொல்ல முடியாது. இன்னிக்கே புதுசு வாங்கிடுங்க, மீதிக்கதையை அப்புறம் படிங்க.

அந்த குட்டி அலுமினிய டப்பாக்குள்ள கிட்டத்தட்ட முழுசும் கேஸ்தான், அழுத்தத்துல திரவமா நிக்கிற கேஸ். ரொம்ப பம்ப்ல இருக்கிறது ஹெச்எஃப்ஏ 134ஏ, கார் ஏசிக்குப் போடுறாங்களே அதேதான், மருந்துக்குன்னு இன்னும் சுத்தம் பண்ணது. பல மருந்துங்க அதுல கரையாது, கரைச்ச மாவு மாதிரி பொடியா மிதந்துக்கிட்டு இருக்கும். அந்தப் பொடி சாதாரணப் பொடி இல்ல, ஜெட் மில்லுல வேகமான காத்துல துகளோட துகளை மோதவிட்டு 1 மைக்ரான்ல இருந்து 5 மைக்ரானுக்குள்ள (மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) அரைச்சது, அதைவிடப் பெருசுன்னா தொண்டையிலயே ஒட்டிக்கும், நுரையீரலுக்குப் போகாது.

இப்ப உங்க வீட்டு சிலிண்டரை நினைச்சுப் பாருங்க. கடைசி நாள் வரைக்கும் அடுப்பு நல்லாத்தானே எரியுது, அப்புறம் ஒரு நாள் சாம்பார் பாதி கொதிக்கும்போது நின்னுடுது. உள்ள கொஞ்சம் திரவம் இருக்கிற வரைக்கும் அழுத்தம் குறையாது, அதான் காரணம். பம்ப்லயும் அதே கதைதான், அதனால சத்தத்தை வச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது.

அளவு சொல்றது வால்வு. அதுக்குள்ள ஒரு சின்ன அறை இருக்கு, பல பம்ப்ல 50 மைக்ரோலிட்டர், அதாவது நம்ம கணக்குல ஒரே ஒரு சொட்டு. வீசிங்குக்குக் குடுக்கிற சால்புடமால்ங்கிற மருந்து பம்ப்னா ஒரு அடிக்கு 100 மைக்ரோகிராம் மருந்து, ஒரு கிராமைப் பத்தாயிரமா பிரிச்சா அதுல ஒரு பங்கு. நீங்க அமுக்குனா அந்த சொட்டு வெளிய போகும், விட்டா அறை மறுபடி ரொம்பும். டப்பா தீரப்போற நேரத்துல அந்த அறை முழுசா ரொம்பாது. அரிசி மூட்டை அடியில படியை விட்டா ஒரு தடவை முக்காப்படி வரும், இன்னொரு தடவை அரைப்படி வரும்ல, அதுதான் இது. 200ஆவது டோஸும் முழுசா வரணும்னுதான் கம்பெனியில கொஞ்சம் கூடவே ஊத்துறாங்க, அந்த மிச்சம் உங்களுக்கு போனஸ் கிடையாது.

தண்ணி வைத்தியம் ரொம்பப் பழசு. ஒவ்வொரு டப்பாவும் ஒவ்வொரு மாதிரி மிதக்கும், அதோட வால்வு வாய்க்குள்ள தண்ணி போய் உக்காந்துக்கும். பால்காரருக்கு காலண்டர்ல கோடு போடுறீங்கள்ல, பம்புக்கும் போட்டு வைங்க. டோஸ் கவுன்ட்டர் வச்ச பம்ப்பும் வருது, கிடைச்சா அதை வாங்குங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி நல்லா குலுக்கச் சொல்லுங்க, இல்லாட்டி பொடி கீழ படியும், சில மருந்துல மேல ஏறி நிக்கும். புதுசு பிரிச்சதும், ரெண்டு வாரம் தொடாம வச்சிருந்தாலும், டப்பாவோட வர்ற பேப்பர்ல போட்டிருக்கிறபடி சில தடவை காத்துல அடிச்சிட்டுதான் ஆரம்பிக்கணும்.

கே: பி.பார்ம் படிக்கிறேன் சார். ஏரோசால்ல (இந்த மாதிரி கேஸ் அடைச்ச ஸ்பிரே டப்பா) கோல்ட் ஃபில்லிங், பிரஷர் ஃபில்லிங் வித்தியாசம் எழுதுன்னு எப்பவும் கேக்குறாங்க. புக்குல நாலு வரிதான் இருக்கு, மனப்பாடம் பண்ணி எழுதுறேன், ஒண்ணும் புரியல. (மாணவர், குமாரபாளையம்)

ப: தம்பி, இதை 1955ல இருந்து ஆரம்பிச்சாதான் புரியும். அமெரிக்காவுல ரைக்கர்னு ஒரு மருந்து கம்பெனி, அதோட தலைவர் ஜார்ஜ் மேசன். அவரோட 13 வயசுப் பொண்ணுக்கு ஆஸ்துமா. அப்ப கண்ணாடிக் குப்பியில ரப்பர் பல்ப வச்சு அமுக்கி அமுக்கி மருந்தை இழுக்கணும். ஹேர் ஸ்பிரே மாதிரி டப்பாவுல என் மருந்து ஏம்ப்பா வரக்கூடாதுன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. லேப்ல ஒரு பழைய ஐஸ்கிரீம் ஃப்ரீசரைத் தேத்தி, சென்ட் பாட்டிலுக்குன்னு பண்ண 50 மைக்ரோலிட்டர் வால்வை எடுத்து மாட்டி, 1956 மார்ச்ல ரெண்டு பம்ப் மார்க்கெட்டுக்கே வந்துடுச்சு.

அந்த ஃப்ரீசர் எதுக்குன்னா அதுதான் உன்னோட கோல்ட் ஃபில்லிங். கேஸை அதோட கொதிநிலைக்குக் கீழ குளிர வச்சா தண்ணி மாதிரி ஊத்தலாம், ஊத்தி வால்வை வச்சு மூடிடலாம். 134ஏ கொதிக்கிறது மைனஸ் 26 டிகிரியில, அதனால மைனஸ் 50 கிட்ட கொண்டு போகணும். கரண்ட் பில் ஒரு பக்கம், அவ்வளவு குளிர்ல காத்துல இருக்கிற ஈரம் வந்து ஒட்டிக்கிறது இன்னொரு பக்கம், சஸ்பென்ஷனுக்கு, அதாவது பொடி கரையாம மிதக்கிற கலவைக்கு, ஈரம் எமன், துகள் துகளோட சேர்ந்து கட்டியாயிடும். பிரஷர் ஃபில்லிங்ல டப்பாவை முதல்லயே வால்வு வச்சு கிரிம்ப் பண்ணிட்டு (விளிம்பை நெருக்கி மூடிட்டு), அந்த வால்வோட தண்டு வழியாவே சாதாரண ரூம் டெம்பரேச்சர்ல கேஸை உள்ள தள்ளுறோம், அவ்வளவுதான்.

புக்குல இல்லாதது ஒண்ணு சொல்றேன். ஹெச்எஃப்ஏக்கு முன்னாடி பம்ப்ல சிஎஃப்சின்னு ஒரு வகை கேஸ்தான் போட்டாங்க, அந்தக் காலத்துல சிஎஃப்சி 11னு ஒண்ணு இருந்துச்சு, கொதிநிலை 24 டிகிரி கிட்ட, ஏசி ரூம்லயே திரவமா நிக்கும். மருந்தை அதுல கலந்து திறந்த டப்பாவுல ஊத்திட்டு, மூடிட்டு, மீதி கேஸை அப்புறம் ஏத்துனாங்க. ஹெச்எஃப்ஏல அப்படி ஒரு சமத்து திரவம் இல்ல. அதனால எத்தனால் கொஞ்சம் சேர்த்து ரெண்டு கட்டமா பண்ணணும், இல்லன்னா மொத்தத்தையும் பிரஷர் டேங்க்ல கலந்து ஒரே தடவையா ஏத்தணும்.

ஒரே தடவையா ஏத்துற லைன்லதான் நான் நிறைய வருஷம் நின்னேன். டேங்க்ல இருந்து ஃபில்லிங் ஹெட்டுக்குப் போய் திரும்பி டேங்குக்கே வர்ற மாதிரி கலவை ஓடிக்கிட்டே இருக்கணும். ஒரு நாள் டீ டைம்ல சர்குலேஷன் பம்ப் நின்னது யாருக்கும் தெரியல, கால் மணி நேரம் கழிச்சு லைனை ஓட்டுனோம், வெயிட் எல்லாம் சரியா காட்டுச்சு, அஸ்ஸே (மருந்து எவ்வளவு இருக்குன்னு பார்க்கிற டெஸ்ட்) போட்டா சில டப்பாவுல மருந்து கூட, சில டப்பாவுல பாதி. மொத்த பேட்சும் குப்பை. மேனேஜர் ஒரு வாரம் யார்கூடவும் பேசல. வெயிட் சரியா இருந்தா கேஸ் சரியா இருக்குன்னுதான் அர்த்தம், இதை எக்ஸாம்லயும் எழுது.

பேக்கிங்ல கேட்டா இதையும் சேர்த்துக்க: டப்பா உள்பக்கம் சில மருந்துக்கு ஃப்ளூரோபாலிமர் கோட்டிங் இருக்கும், நான்ஸ்டிக் தோசைக்கல் மாதிரி, மருந்து சுவத்துல ஒட்டாம இருக்க. வால்வு கேஸ்கெட் ரப்பர்ல இருந்து எதுவும் கேஸுக்குள்ள இறங்கக் கூடாது. மூடுன டப்பாவை சுடுதண்ணி தொட்டியில விட்டு 55 டிகிரி கிட்ட சூடாக்கி ஒழுகுதான்னு பார்ப்பாங்க, அப்புறம் சில வாரம் தூங்க வச்சு மறுபடி எடை போடுவாங்க.

கே: ஊட்டியில இருக்கேன். டிசம்பர் காலையில பம்ப் அடிச்சா சோர்வா வருது, மத்தியானம் நல்லா வருது. பம்ப் டூப்ளிகேட்டா? (வாசகர், ஊட்டி)

ப: டூப்ளிகேட் இல்ல சார், குளிர். 30 டிகிரியில உள்ள 97 பிஎஸ்ஐ கிட்ட அழுத்தம் இருக்கும், கார் டயரைப் போல மூணு மடங்கு. 10 டிகிரிக்கு வந்தா அது 45 கிட்ட இறங்கிடும், சாரல் பெருசு பெருசா வரும். உள்ளங்கையில கொஞ்ச நேரம் பொத்தி வச்சிட்டு அடிங்க. அடுப்பு பக்கமோ சுடுதண்ணியிலயோ வைக்கவே வைக்காதீங்க.

கே: இருபது வருஷமா பம்ப் அடிக்கிறேன். முன்னாடி தொண்டையில சில்லுனு ஒரு அடி விழும், இப்ப வர்றதுல அது இல்ல. பவர் குறைச்சுட்டாங்களா? (வாசகர், தூத்துக்குடி)

ப: அந்த சில்லுங்கிறது மருந்து இல்லண்ணே, பழைய சிஎஃப்சி கேஸ் வேகமா வந்து தொண்டையில மோதுனது. அது ஓசோனை ஓட்டை போடுதுன்னு 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துல முடிவாகி, 1990கள் நடுவுல இருந்து ஹெச்எஃப்ஏ பம்ப் வர ஆரம்பிச்சுது. சாரல் மெதுவா, அவ்வளவு குளிர்ச்சி இல்லாம வரும். இப்ப இதுக்கும் வேட்டு வச்சாச்சு, 134ஏ கார்பன் டை ஆக்சைடை விட 1300 மடங்குக்குக் குறையாம பூமியைச் சூடாக்குது, அதனால 152ஏ மாதிரி வேற கேஸுக்குப் போறாங்க. அது தீப்பிடிக்கும், ஃபேக்டரியவே மாத்திக் கட்டணும். ஒருவேளை சாரலே கம்மியா வந்தா பிளாஸ்டிக் வாயைப் பாருங்க, அந்தத் துளை அரை மில்லிமீட்டர் கூட இருக்காது, வெள்ளையா அடைச்சிருக்கும். டப்பாவைக் கழட்டிட்டு வெதுவெதுப்பான தண்ணியில அலசி காய வைங்க. ஊசி போட்டுக் குத்தாதீங்க, துளை பெருசானா சாரலே மாறிடும்.

கே: முட்டி வலிக்கு அடிக்கிற ஸ்பிரேயை நேரா பிடிச்சாதான் வருது, வீசிங் பம்ப தலைகீழா பிடிக்கணும்னு சொல்றாங்க, ஏன்? எங்க வீட்டுக்காரர் சாமி விளக்கு முன்னாடி நின்னே முட்டிக்கு அடிக்கிறாரு. (வாசகி, கோவில்பட்டி)

ப: வலி ஸ்பிரேக்குள்ள அடிவரைக்கும் ஒரு டியூப் போகுது, தலைகீழா பிடிச்சா வெறும் கேஸ்தான் வெளிய வரும். பம்ப்ல டியூப் கிடையாது, திரவம் தானா வால்வு மேல வந்து உக்காரணும்னா கவுத்தாதான் ஆச்சு. ரெண்டாவது விஷயம்தாம்மா அவசரம். அந்த ஸ்பிரேங்கள்ல நிறைய புரோப்பேன், பியூட்டேன் இருக்கு, உங்க அடுப்பு சிலிண்டர் குடும்பம், ஆனா சிலிண்டர்ல லீக் தெரியணும்னு கலக்குற நாத்தம் இதுல இல்ல. விளக்கு அணைஞ்சப்புறம் வாசப் பக்கம் போய் அடிக்கச் சொல்லுங்க.