மேனேஜர் என்றால் எம்.பி.ஏ. இருந்தே ஆக வேண்டுமா?

கேள்வி: பனியன் ஏற்றுமதி கம்பெனி நடத்துகிறோம். மெர்ச்சண்டைசிங் மேனேஜர் (ஆர்டர் வாங்கியதிலிருந்து சரக்கு போய்ச் சேரும்வரை கவனிப்பவர்) இடம் காலியாக இருக்கிறது. எங்களிடமே ஒன்பது வருடமாக மெர்ச்சண்டைசராக இருப்பவர் அந்த இடத்தைக் கேட்கிறார், பி.காம். மட்டும்தான் படித்தவர். என் மகனோ மேனேஜருக்கு எம்.பி.ஏ. கட்டாயம், பையர் (சரக்கு வாங்குபவர்) முன்னால் அதுதான் மரியாதை என்கிறான். விளம்பரமும் அப்படியே எழுதிவிட்டான். என்ன செய்யலாம்?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், திருப்பூர்

பதில்: விளம்பரம் வெளியாகும் முன் அந்த ஒரு வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். பையர் கேட்பதெல்லாம் சரக்கு சொன்ன தேதிக்குக் கப்பல் ஏறுமா, அப்ரூவல் ஆன ஷேடிலேயே (நிறத்திலேயே) வருமா, பீஸுக்கு இன்னும் எவ்வளவு குறைப்பீர்கள் என்பதுதான். எதிரே இருப்பவர் எம்.பி.ஏ. இல்லை என்று ஆர்டரை வேறு கம்பெனிக்குக் கொடுத்த பையரை நான் கேள்விப்பட்டதில்லை.

சட்டமே கேட்கும் படிப்புகள் உண்டு, அங்கே பேச்சுக்கே இடமில்லை. கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்துப் போட சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்தான் வேண்டும், செலுத்திய மூலதனம் 10 கோடியைத் தொட்டுவிட்டால் முழுநேர கம்பெனி செக்ரட்டரி வைத்தே ஆக வேண்டும். ஒரு தனியார் கம்பெனியின் மெர்ச்சண்டைசிங் மேனேஜர் எம்.பி.ஏ. படித்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, அது நீங்களாகப் போட்டுக்கொள்ளும் வேலி.

இந்த வேலியைப் பற்றி அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது. வட கரோலினாவில் டியூக் பவர் என்ற மின் கம்பெனி, அடிமட்டக் கூலிப் பிரிவைத் தவிர மற்ற பிரிவுகளுக்குப் போக பள்ளியிறுதிச் சான்றிதழ் வேண்டும் என்று விதி வைத்திருந்தது. கறுப்பினத் தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள், 1971-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. விதி வருவதற்கு முன்பே அந்தப் பிரிவுகளில் சேர்ந்திருந்த, சான்றிதழ் இல்லாத ஊழியர்கள் வேலையை நன்றாகவே செய்துகொண்டிருந்தார்கள் என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது. அது இனப் பாகுபாட்டுச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு, உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நீதிபதிகள் கேட்டதை நீங்களும் மகனும் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்: இந்தப் படிப்புக்கும் இந்த வேலைக்கும் என்ன சம்பந்தம்?

அதற்காக ஒன்பது வருடம் இருந்துவிட்டார் என்பதற்காகவே அவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். ஆள் எடுக்கும் முறைகளில் எது பலிக்கிறது என்று ஷ்மிட், ஹண்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 85 ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி 1998-ல் எழுதினார்கள். வேலையில் ஒருவர் எப்படிச் செய்வார் என்பதோடு அவர் படித்த வருடங்களுக்கு இருந்த தொடர்பு வெறும் 0.10 (முழுத் தொடர்பு என்றால் 1), அனுபவ வருடங்களுக்கு 0.18. அதே வேலையில் ஒரு துண்டைக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்ப்பதற்கு 0.54. பிறகு 2022-ல் சாக்கெட் குழுவினர் திரும்பக் கணக்குப் போட்டபோது எண்கள் பல இறங்கின, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடும் நேர்காணல் முதலிடத்துக்கு வந்தது. வருடக் கணக்கு, அது கல்லூரியில் போனதோ கம்பெனியில் போனதோ, அப்போதும் மேலே வரவில்லை.

ஆகவே உங்கள் ஆளையும் வெளியிலிருந்து வருபவர்களையும் ஒரே மேஜையில் உட்கார வையுங்கள். போன சீசனில் சிக்கலான ஒரு ஆர்டரின் ஃபைலைக் கொடுங்கள். நூல் விலை ஏறிவிட்டது, லேப் டிப் (சாய நிற மாதிரி) இரண்டு முறை ரிஜெக்ட், சாயப்பட்டறை இன்னும் நாலு நாள் கேட்கிறது, ஏர் ஷிப்மெண்ட் போட்டால் லாபம் போய்விடும், பையருக்கு இன்று என்ன மெயில் எழுதுவீர்கள், காஸ்டிங்கை (விலைக் கணக்கை) எப்படி மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். நீங்கள், மகன், புரொடக்ஷன் மேனேஜர் மூவரும் கலந்து பேசாமல் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும், இது முக்கியம். எம்.பி.ஏ. படித்தவர் நன்றாகச் செய்தால் அவரையே எடுங்கள், அந்தப் படிப்பு அவருக்கு உதவியிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் ஆள் ஜெயித்தால் மேனேஜர் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுங்கள். வேலை தெரிந்தவரை அப்படியே உட்கார வைத்துவிட்டு, மேலே புதிதாக ஒருவரைக் கொண்டுவந்து, "இவருக்கு வேலையைச் சொல்லிக்கொடுப்பா" என்று அவரிடமே சொல்வது பல ஆபீஸ்களில் நடக்கிறது. அப்படி நடந்ததாக வரும் வாசகர் கடிதங்களைப் படிக்கும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் படித்த துளசிராஜ் 1981-ல் நிர்வாகத்துக்கு வந்தார், பெருகிவந்த நோயாளிகளையும் செலவையும் திட்டமிடும் வேலைக்கு அந்தப் படிப்பு கைகொடுத்தது. அதே இடத்தில்தான் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து, இரண்டு வருடம் தாங்களே பயிற்சி கொடுத்து, பரிசோதனையிலிருந்து அறுவை அரங்கம் வரை பெரும்பகுதி வேலையை ஒப்படைக்கிறார்கள். எந்த நாற்காலிக்கு எது தேவை என்று யோசித்து எடுத்தார்கள்.

கேள்வி: எம்.பி.ஏ. (எச்.ஆர்.) இரண்டாம் வருடம் படிக்கிறேன், கல்விக்கடன் இருக்கிறது. படிப்பு வேண்டாம், அனுபவம்தான் வேண்டும் என்று எல்லோரும் பேசுவதைக் கேட்டால் பயமாக இருக்கிறது.
- வாசகி, திருச்சி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஹார்வர்டு போன்ற இடங்களில் எம்.பி.ஏ. சேருபவர்கள் பெரும்பாலும் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். நம் ஊரில் டிகிரி முடித்த கையோடு டான்செட் நுழைவுத்தேர்வு எழுதிச் சேர்ந்துவிடுகிறோம். பெயர் ஒன்றுதான் என்றாலும் கம்பெனிக்காரர் உங்களைப் பார்ப்பது ஃபிரஷராகத்தான், அதில் அவமானம் எதுவுமில்லை. மீதியிருக்கும் மாதங்களில் ஏதாவது ஒரு ஃபேக்டரியின் சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கு, ஷிஃப்ட் அட்டவணை இவற்றைக் கையால் செய்து பழகுங்கள். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைக் காசு கொடுத்து சென்டரில் வாங்க வேண்டவே வேண்டாம், நேர்காணலில் நீங்கள் எடுத்துக்காட்ட முடிகிற ஒரே சொந்த வேலை அதுதான்.

கேள்வி: எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு மேலாளர் தேடுகிறோம். அமுல் குரியன் மேலாண்மை படித்தாரா என்ன, உள்ளூர்ப் பையனே போதும் என்கிறார் சக இயக்குநர் ஒருவர்.
- வாசகர், திண்டுக்கல்

பதில்: வர்கீஸ் குரியன் படித்தது கிண்டியில் பொறியியல், பிறகு அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட்டில். 1949-ல் குஜராத்தின் ஆனந்துக்குப் போனபோது மேலாண்மைப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை, நண்பர் சொல்வது சரி. ஆனால் அதே குரியன்தான் 1979-ல் ஆனந்தில் இர்மா என்ற ஊரக மேலாண்மைக் கல்லூரியைத் தொடங்கினார், விவசாயிகளிடம் வேலை பார்க்கப் பயிற்சி பெற்ற மேலாளர்கள் வேண்டும் என்றுதான். அங்கே படிப்பவர்கள் கிராமத்தில் போய்த் தங்கிக் கள வேலை செய்தாக வேண்டும். அப்படிப் படித்த ஒருவர் விண்ணப்பித்தால் அதை மேலே எடுத்து வையுங்கள். உள்ளூர்ப் பையனையும் கூப்பிடுங்கள், இருவரிடமும் போன வருட வரவு செலவைக் கொடுத்து, பணம் எங்கே முடங்கியது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.