புது டப்பா வேண்டாம், வரிசையை மாற்றுங்கள்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் விருந்தினர் வைஃபையில் இருப்பவர்கள் கணக்கு சர்வரைத் திறக்க முடிகிறது. அதைத் தடுக்க சிஸ்கோ ரௌட்டரில் ஏற்கெனவே இருந்த 110ஆம் அக்சஸ் லிஸ்டில் (யாரை விடலாம், யாரைத் தடுக்கலாம் என்ற விதிப் பட்டியலில்) ஒரு வரி சேர்த்தேன். பலன் இல்லை. பராமரிப்புக்கு வருபவர், "இதில் எல்லாம் நிற்காது, புது ஃபயர்வால் வாங்குங்கள்" என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் 'ஷோ அக்சஸ்-லிஸ்ட்ஸ் 110' என்று அடித்துப் பாருங்கள். நீங்கள் சேர்த்த தடை கடைசியில் கிடக்கும். அதற்கு மேலே 'பெர்மிட் ஐபி எனி எனி' என்று ஒரு வரி இருக்கும். ரௌட்டர் மேலிருந்து கீழே வாசித்து, முதலில் பொருந்தும் வரியோடு நிறுத்திக்கொள்ளும். எல்லோரையும் விடு என்று மேலே சொல்லிவிட்டுக் கீழே தடுத்து என்ன பயன்? அந்த வரியைப் பெரும்பாலும் இதே பராமரிப்புக்காரர்தான், என்றோ பிரின்டர் வேலை செய்யாதபோது 'இப்போதைக்கு' என்று போட்டிருப்பார். மூன்று மேலாளர்கள் மாறிய பிறகும் அசையாத 'இப்போதைக்கு' வரிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆடிட்டில் வருடாவருடம் "விதிகள் சரிபார்க்கப்பட்டன" என்று கையெழுத்தும் விழும், யாரும் லிஸ்டைத் திறக்காமலே!

ஆத்திரத்தில் அந்த வரியை எடுத்துவிடாதீர்கள். லிஸ்டின் முடிவில், எழுதாமலே, 'மற்றதெல்லாம் தடை' என்று இருக்கிறது, அலுவலகமே முடங்கிவிடும். தடையை அதற்கு மேலே நுழைத்தால் போதும். ஒவ்வொரு வரிக்கும் 10, 20 என எண் உண்டு. பெர்மிட் வரி 80 என்றால், 'ஐபி அக்சஸ்-லிஸ்ட் எக்ஸ்டெண்டட் 110'க்குள் போய், 75 என்ற எண்ணோடு உங்கள் தடையை எழுதுங்கள். மேலே ஒரு ரிமார்க் (குறிப்பு) வரியில் தேதியும் காரணமும் போடுங்கள்.

இங்கேதான் பலர் விழுகிறார்கள். ஒரு வரியை நீக்குவதாக நினைத்து 'நோ அக்சஸ்-லிஸ்ட் 110' என்று தொடங்கி மீதியை அடித்தால், முழு லிஸ்டும் போய்விடும். பதறிப்போய் மறுபடி முதல் வரியை அடித்ததுமே அந்த எழுதாத தடை விழும். தொலைவிலிருந்து நுழைந்திருந்தால் நீங்களே வெளியே. நானும் ஒருமுறை அப்படி மாட்டி, இரவோடு இரவாக வாடிக்கையாளர் அலுவலகத்துக்கு ஓடியிருக்கிறேன். அதனால் தொடங்கும் முன்பே சேமித்துவிட்டு 'ரீலோட் இன் 10' கொடுங்கள். சொதப்பினால் பத்து நிமிடத்தில் ரௌட்டர் தானே மறுபடி தொடங்கி, சேமித்த பழைய நிலைக்கே திரும்பும். சரியாக வந்தால் 'ரீலோட் கேன்சல்', அப்புறம் மாற்றத்தைச் சேமிக்க 'ரைட் மெமரி'. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

சோதிக்க, விருந்தினர் வைஃபையில் ஒரு போனை இணைத்து சர்வரைத் திறந்து பாருங்கள். மறுபடி 'ஷோ அக்சஸ்-லிஸ்ட்ஸ் 110' அடித்தால், 75ஆம் வரியின் ஓரத்தில் உள்ள மேட்ச் எண்ணிக்கை (அந்த வரி எத்தனை முறை பொருந்தியது என்பது) ஏறியிருக்க வேண்டும்.

ஏறவில்லையா? போனுக்கு என்ன ஐபி முகவரி வந்திருக்கிறது என்று பாருங்கள். சர்வர் 192.168.10.5, போன் 192.168.10.77 என்றால் பெயர்தான் விருந்தினர் வைஃபை. வழக்கமான அமைப்பில் இரண்டும் ஒரே நெட்வொர்க்கில்தான் இருக்கின்றன. ஒரே நெட்வொர்க்கில் இருப்பவை ஸ்விட்ச் வழியாகவே பேசிக்கொள்ளும், ரௌட்டர் வரை போகவே போகாது. தன்னிடம் வராத பாக்கெட்டை (தரவுத் துண்டை) ரௌட்டர் எப்படித் தடுக்கும்? எத்தனை விதி எழுதினாலும் அதே கதைதான். விருந்தினர்களைத் தனி வீலானில், அதாவது அதே கருவிகளுக்குள்ளேயே பிரித்த தனி நெட்வொர்க்கில், வைக்க வேண்டும். அதற்கும் ஃபயர்வால் தேவையில்லை. ஸ்விட்சும் வைஃபை பெட்டியும் வீலான் தெரிந்தவையாக இருந்தால் போதும். ஃபயர்வால் வாங்கச் சொன்னவரிடமே இதைக் கேளுங்கள்.