நீதிபதி நியமனத்தைக் கேள்வி கேட்கும் வேலை: கோத்தகிரி மாணவி என்ன படிக்கலாம்?

ஐயா, அமெரிக்க செனட் உறுப்பினர்கள் நீதிபதிப் பதவிக்கு முன்மொழியப்பட்டவரை நாள்கணக்கில் கேள்வி கேட்பதைப் பார்த்து, பிளஸ் டூ காமர்ஸ் படிக்கும் உங்கள் மகள் 'இந்த வேலைக்குத்தான் போவேன்' என்கிறாள். அது சோறு போடுமா என்பது உங்கள் கவலை.

முதலில் ஒன்றை அவளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அப்படியொரு விசாரணை நம் நாட்டில் கிடையாது. இங்கே உயர் நீதிமன்றத்துக்கான பெயரை அதன் தலைமை நீதிபதியும் இரண்டு மூத்த நீதிபதிகளும் சேர்ந்த கொலீஜியம் அனுப்பும். மாநில அரசின் கருத்து, உளவுத்துறை அறிக்கை, உச்ச நீதிமன்றக் கொலீஜியம், மத்திய அரசு என்று கோப்புக் கட்டு நகர்ந்து, கடைசியில் குடியரசுத் தலைவர் கையெழுத்திடுவார். நாடாளுமன்றம் இந்த வழியில் எங்குமே வராது. சட்ட அமைச்சருக்கும் இடம் தந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை 2015 அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம் 4-1 பெரும்பான்மையில் ரத்து செய்தது. நீதிபதியின் நடத்தையை நாடாளுமன்றத்தில் பேசுவதற்கே அரசியலமைப்பின் பிரிவு 121 தடை விதிக்கிறது. பதவிநீக்கத் தீர்மானத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அதைக் கொண்டுவர மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையெழுத்திட வேண்டும்.

அதனால் அவள் ஆர்வம் வீணாகிவிடாது. அரசு ஒரு பெயரைத் திருப்பி அனுப்பி, கொலீஜியம் மீண்டும் அதே பெயரை வலியுறுத்தினால் நியமித்தே ஆக வேண்டும். ஆனால் கட்டு அசையாமல் கிடந்தால்? அரசின் அதிகாரம் நிஜமாகப் புலப்படுவது அந்தத் தாமதத்தில்தான். காலியிடங்களைப் பற்றி அரசிடம் விளக்கம் கேட்கும் இடம், சட்டம்-நீதித் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு. அந்தப் பக்கம் போக விரும்பினால், எந்தப் பட்டம் முடித்தவரும் 25 வயதுக்குள் நாடாளுமன்றப் பணிகளை ஆய்வு செய்யும் பி.ஆர்.எஸ். நிறுவனத்தின் 'லாம்ப்' ஃபெல்லோஷிப்புக்கு (எம்.பி.க்களுக்கு உதவும் பயிற்சித் திட்டம்) விண்ணப்பித்து, ஒரு எம்.பி.யிடம் ஆய்வு உதவியாளராக இருக்கலாம். நல்ல பயிற்சி, ஆனால் ஓராண்டுக்குள் முடிந்துவிடும். அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

என் பரிந்துரை சட்டப் படிப்புதான். எந்த குரூப் என்றாலும் ஐந்தாண்டு பி.ஏ., எல்எல்.பி.யில் சேரலாம். கோவை அரசு சட்டக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000-மும் உண்டு. திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் வேண்டுமானால் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான கிளாட் எழுத வேண்டும்: 120 கேள்வி, 2 மணி நேரம், தவறான விடைக்கு 0.25 மதிப்பெண் கழிவு.

பலர் சறுக்குவது பட்டத்துக்குப் பிறகுதான். சட்டம் படித்தவர் கீழமை நீதிமன்றத்தில் நீதிபதியாக எழுதும் சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்றாண்டு வக்கீல் தொழில் கட்டாயம் என்று 2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வக்கீல்களைப் பதியும் பார் கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவு செய்த நாளிலிருந்தே கணக்கு ஓடும் என்பதால், பட்டம் வந்ததும் தள்ளிப்போடாமல் பதிய வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. அல்லாதவர்களுக்குப் பதிவுக் கட்டணம் ரூ.750, அதற்கு மேல் கேட்கக் கூடாது என்பது 2024 தீர்ப்பு. பிறகு அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும். பதிந்துவிட்டு கோச்சிங் சென்டரிலேயே மூன்று வருடம் உட்கார்ந்தால் அனுபவச் சான்று கிடைப்பது கஷ்டம். பத்தாண்டு அனுபவமுள்ள சீனியர் வக்கீல் சான்று தந்தாலும் நீதிமன்றத்தின் முதன்மை நீதிபதியின் மேலொப்பம் வேண்டும். ஊட்டியிலோ குன்னூரிலோ நல்ல சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்து, வழக்கு எண், வாய்தா தேதி, செய்த வேலை மூன்றையும் தினமும் டைரியில் எழுதி வரட்டும். இந்த விதி மாறவும் கூடும். விண்ணப்பிக்கும் ஆண்டின் டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கையை வரி விடாமல் படிக்கச் சொல்லுங்கள்.

சிவில் நீதிபதி முதன்மைத் தேர்வில் நான்கு தாள், ஒவ்வொன்றும் 100 மதிப்பெண். அதில் ஒரு முழுத் தாள் மொழிபெயர்ப்பு: வாக்குமூலம், தீர்ப்பு, ஆவணம் ஆகியவற்றைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்ற வேண்டும். சட்டம் நன்றாகத் தெரிந்தும் 'பிராது' (வழக்குத் தொடரும் மனு), 'எழுவினா' (வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்வி) போன்ற கோர்ட் தமிழ் பழகாமல் இங்கே மதிப்பெண் இழக்கிறார்கள். மலையில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளைகளுக்கு இது கூடுதல் சிரமம். இப்போதிருந்தே நாளுக்கு அரைப் பக்கம் மொழிபெயர்க்கட்டும்.

கல்லூரிச் சேர்க்கைக்கான சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் இ-சேவை மையத்தில் ஏப்ரலுக்குள் வாங்கி வைத்துவிடுங்கள். மே மாதக் கூட்டத்தில் அலையாமல் இருக்கலாம்.