ராட்வைலர், பிட்புல் போன்ற இனங்கள் பிறவியிலேயே ஆபத்தானவையா?

கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்த நாய் அதிகம் கடிக்கும் என்பது ஒன்று. கடித்தால் எவ்வளவு சேதம் என்பது இன்னொன்று.

முதலாவதற்கு இனம் அவ்வளவாகப் பதில் சொல்லாது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அமெரிக்காவில் திரட்டி, 2022-இல் வெளியான ஆய்வில், நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான். குட்டியில் மனிதரோடு பழகியதா, நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கிறதா, எங்காவது வலிக்கிறதா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும்.

இரண்டாவதில் இனம் முக்கியம். பொமரேனியன் கடித்தாலும் ஊசி போட்டே ஆக வேண்டும், ஆனால் தையலோடு போகும். நாற்பது ஐம்பது கிலோ ராட்வைலர் குழந்தையைக் கவ்வினால் உயிருக்கே ஆபத்து. பிட்புல் சண்டைக்கென்றே வளர்க்கப்பட்ட வம்சம். கவ்வியதைச் சீக்கிரம் விடாது.

சரி, தடை போட்டால்? 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடுக்கச் சொன்னது. அடுத்த மாதமே டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிரிட்டனில் 1991 முதல் பிட்புல்லுக்குத் தடை; அப்புறம் அதே வம்சத்தில் இன்னும் பெரிய எக்ஸ்எல் புல்லி வந்தது, அதையும் பட்டியலில் சேர்த்தார்கள். நானாக இருந்தால் முதலில் வளர்ப்பவரைத்தான் விசாரிப்பேன். ஆனாலும், சின்னக் குழந்தை இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு ராட்வைலர் வாங்கச் சொல்ல மாட்டேன்.