பதில்: கேள்வித்தாளில் 9 மணி நேரம், இடுப்புக் கருவியில் 5 மணி நேரம்?

மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் நேரம் கேள்வித்தாளில் 9 மணி, இடுப்பில் கட்டும் அசைவுமானியில் 5 மணி என்று வருகிறதே, கருவியில் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். கருவியில் கோளாறு இல்லை. 20 நிமிடம் தொடர்ந்து அசைவு எண்ணிக்கை பூஜ்யமாக வந்தால் கழற்றிவிட்டதாகக் கொள்ளும்படி, கருவியின் பதிவைக் கணக்கிடும் ஆக்டிகிராஃப் மென்பொருளில் வைத்திருக்கிறீர்களே, அதுதான் உட்கார்ந்த நேரத்தை விழுங்குகிறது. துணைப்பாட வகுப்பில் கணக்கோடு மல்லுக்கட்டும் உயர்நிலை மூன்று மாணவனின் இடுப்பு அரை மணி நேரம் அசையாமல் கிடப்பது சகஜம்.

அதே கோப்பை 60 நிமிட விதியில் மறுபடி ஓட்டுங்கள். முன்பு வெட்டுப்பட்ட துண்டுகள் எந்த நேரத்தில் விழுகின்றன என்று மாணவர்களின் குறிப்பேட்டோடு ஒப்பிடுங்கள். குளியல், நீச்சல் பயிற்சி என்றால் வெட்டியது சரி. வகுப்பு நேரம் என்றால் பிழை பிடிபட்டது.

கூடவே எண்ணிக்கை இடைவெளியையும், அதாவது எத்தனை விநாடிக்கு ஒருமுறை அசைவுகள் கூட்டப்படுகின்றன என்பதையும் பாருங்கள். உட்கார்ந்த நேரம் என்று கொள்வதற்கான ஈவன்சன் வரம்பு 15 விநாடிக்கு 25 எண்ணிக்கை, அதாவது நிமிடத்துக்கு 100. 15 விநாடிக் கோப்பில் 100 என்று போட்டால் லேசான அசைவும் உட்கார்ந்ததாகக் கணக்காகும். இரண்டு பிழையும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று மறைத்துவிடும். ஆகவே ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இடுப்புக் கருவிக்கு நிற்பதும் உட்காருவதும் ஒன்றுதான். எம்ஆர்டி ரயிலில் கம்பியைப் பிடித்து அசையாமல் நிற்பவரையும் உட்கார்ந்தவர் பட்டியலில் சேர்க்கும். உடல் நிலையே முக்கியம் என்றால் தொடையில் ஒட்டும் ஆக்டிவ்பால் கருவி வேண்டும்.

இடுப்புச் சுற்றளவோடு தொடர்பு பார்க்கும்போது அணிந்திருந்த நேரத்தையும் தீவிர உடற்செயல்பாட்டையும் புள்ளியியல் மாதிரியில் சேர்க்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் கருவியை ஒழுங்காக, அதிக நேரம் கட்டியிருந்த பிள்ளைதான் சோம்பேறியாகத் தெரிவான்.